புழுக்கத்தின் ருசி: சோகமான பாய்ஸ் லவ் மாங்கா ஏன் இழுக்கிறது?

முதலில் கேள்வியைச் சரியாக வைத்துக்கொள்வோம்.

ஜப்பானிய காமிக்ஸான மாங்காவில் "பாய்ஸ் லவ்" என்று ஒரு தனி வகை உண்டு. சுருக்கமாக பி.எல். இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதல்தான் கதை. வரைகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வாசிக்கிறவர்களிலும் பெரும்பாலானோர் பெண்கள். இதுவே பலருக்குப் புதிராக இருக்கும். அதற்கு மேல் இன்னொரு புதிரும் இருக்கு. இந்த வகையில் கொண்டாடப்படும் படைப்புகளில் பல, சந்தோஷமான காதல் கதைகளே இல்லை. யாராவது செத்திருப்பார்கள். யாராவது சின்ன வயசில் கொடுமையை அனுபவித்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு ஒருத்தன் மனசுக்குள்ளேயே வெந்துகொண்டிருப்பான். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் அழுகாச்சிக் கதை.

ரசிகர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "ஆங்ஸ்ட்". ஜெர்மன் மொழியில் பயம் என்று பொருள். தமிழில் எனக்குத் தோன்றும் நெருக்கமான சொல் "புழுக்கம்". மழை வருவதற்கு முன் காற்றே இல்லாமல் உடம்பு கசகசக்குமே, அது. வெளியே சொல்ல முடியாமல் மனசு வேகுவதற்கும் நாம் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம்.

சோகத்தை ஏன் ஒருத்தர் தேடிப் போய்ப் படிக்கணும்? அதுவும் தன்னைப் போலவே இல்லாத இரண்டு பையன்களின் சோகத்தை? நான் கணினித் துறை ஆள், இலக்கியம் படித்தவன் இல்லை. ஆனால் கொஞ்ச காலமாக இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓயிசுமியில் ஒரு வீடு

ஜப்பானில் சிறுமிகளுக்கான மாங்காவை "ஷோஜோ மாங்கா" என்பார்கள். 1960கள் வரை அதை வரைந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள்தான். பிறகு ஒரு புதிய தலைமுறைப் பெண்கள் உள்ளே வந்தார்கள். 1949-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். ஜப்பானியக் கணக்கில் அது ஷோவா 24-ஆம் ஆண்டு. அதனால் இவர்களுக்கு "24-ஆம் ஆண்டுக் குழு" என்றே பெயர் வந்துவிட்டது.

அவர்களில் இரண்டு பேர் நமக்கு முக்கியம்: ஹாகியோ மோட்டோ, தகேமியா கெய்கோ. 1970 முதல் 1973 வரை இருவரும் டோக்கியோவின் நெரிமா பகுதியில், ஓயிசுமி என்ற இடத்தில் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். பக்கத்திலேயே இருந்த தோழி மசுயாமா நோரியே இவர்களுக்கு ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல்களை அறிமுகப்படுத்தினார். ஐரோப்பிய விடுதிப் பள்ளிகள், அங்கே வளரும் பையன்களின் நட்பு, அவர்களின் ஆன்மிகக் குழப்பங்கள் எல்லாம் அப்படித்தான் இந்த வீட்டுக்குள் வந்தன.

1970 டிசம்பரில் தகேமியா ஒரு சிறுகதை வரைந்தார். பின்னாளில் "சன்ரூமில்" என்ற பெயரில் அறியப்பட்டது. இரண்டு பையன்களின் காதலைச் சொன்ன முதல் ஷோஜோ மாங்கா என்று பொதுவாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதுவே சோகக் கதைதான். ஆக, இந்த வகை பிறந்தபோதே அழுதுகொண்டுதான் பிறந்தது.

தாமஸின் இதயம்

ஹாகியோ 1974-ல் ஒரு வாரப் பத்திரிகையில் "தாமஸின் இதயம்" என்ற தொடரை ஆரம்பித்தார். முதல் அத்தியாயத்துக்கு வாசகர் கருத்துக்கணிப்பில் கடைசி இடம். நிறுத்திவிடலாம் என்று பத்திரிகையில் பேச்சு வந்தது. அதே சமயத்தில் ஹாகியோவின் இன்னொரு படைப்பான "போ குலம்" புத்தகமாக வந்து, முதல் பதிப்பு சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தது. அந்தத் தைரியத்தில் தொடர் பிழைத்தது. இன்று ஷோஜோ மாங்காவின் செவ்வியல் படைப்புகளில் ஒன்று.

கதை ஜெர்மனியில் ஒரு ஆண்கள் விடுதிப் பள்ளியில் நடக்கிறது. குளிர்காலத்தின் கடைசியில் தாமஸ் என்ற மாணவன் இறந்துபோகிறான். விபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் மேல்வகுப்பு மாணவன் யூலிக்கு ஒரு கடிதம் வருகிறது. தாமஸ் தன்னை நேசித்தான், வேண்டுமென்றே உயிரை விட்டான் என்று யூலிக்கு மட்டும் தெரிகிறது. கொஞ்ச நாளில் தாமஸைப் போலவே முகம் கொண்ட எரிக் என்ற புது மாணவன் வந்து சேர்கிறான்.

பரபரப்பான ஆரம்பம். ஆனால் கதையின் எடை வேற இடத்தில் இருக்கு. யூலி வெளிப்பார்வைக்கு மிகச் சரியான மாணவன். நல்ல மார்க், நல்ல ஒழுக்கம். உள்ளே அவன் உடைந்து கிடக்கிறான். முன்பு சில சீனியர்கள் அவனை ஒரு அறையில் வைத்துச் சித்திரவதை செய்திருக்கிறார்கள். மார்பில் சிகரெட் சுட்ட தழும்பு இருக்கிறது. அந்தச் சீனியர்மேல் தனக்கும் ஒரு ஈர்ப்பு இருந்தது, தன் காலாலேயே அந்த அறைக்குப் போனோம் என்பதுதான் அவனை அரிக்கிறது. நேசிக்கப்படும் தகுதியே தனக்குப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டான். அதனால்தான் தாமஸின் அன்பை ஏற்க முடியவில்லை. எரிக்கின் அன்பையும் ஏற்க முடியவில்லை.

ஒரு சாதாரண காதல் கதையில் கேள்வி "இவங்க சேருவாங்களா?" என்பதாக இருக்கும். இங்கே கேள்வி "என்னை யாராவது நேசிக்க முடியுமா?" என்பது. முதல் கேள்விக்கு வில்லன் வெளியே இருப்பான்: அப்பா, சாதி, பணம், தூரம். இரண்டாவது கேள்விக்கு வில்லன் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். அவனை ஓடவிட்டு அடிக்க முடியாது. புழுக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கடைசியில் யூலி யாருடனும் "சேர்வதில்லை". பள்ளியை விட்டு, இறையியல் படிக்கப் போகிறான். ஆனால் போகும்போது, தானும் மன்னிக்கப்பட்டவன், தானும் நேசிக்கப்பட்டவன் என்பதை ஏற்றுக்கொண்டுதான் போகிறான். நானூறு பக்கத்துக்கு மேல் ஓடிய கதையில் நடந்த முக்கியமான மாற்றம் அவ்வளவுதான். அது போதும்.

ஏன் பையன்கள்?

ஹாகியோவின் ஒரு பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. "தாமஸின் இதய"த்துக்கு முன்னோடியாக 1971-ல் "நவம்பர் கிம்னாசியம்" என்று ஒரு சிறுகதை வரைந்தார். வரைவதற்கு முன் பெண்கள் பள்ளியில் நடப்பதாகவும் எழுதிப் பார்த்தார், ஆண்கள் பள்ளியில் நடப்பதாகவும் எழுதிப் பார்த்தார். பெண்கள் பள்ளி வடிவம் அவருக்குச் சரியாக வரவில்லை. பையன்களாக மாற்றியதும் கதை இயல்பாக ஓடியது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பாஷையில் இதை ஏ/பி டெஸ்ட் என்போம். மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பது.

ஏன் அப்படி? அன்றைய ஷோஜோ மாங்காவில் ஒரு பெண் கதாபாத்திரம் வந்தாலே அவள்கூட ஒரு மூட்டையும் வரும். அடக்கமாக இருக்கணும், யாராவது தேர்ந்தெடுக்கும் வரை காத்திருக்கணும், கடைசியில் கல்யாணம் ஆகணும். வாசிக்கிற சிறுமிக்கு அந்த மூட்டை ஏற்கனவே தோளில் இருக்கிறது. கதையிலும் அதையே பார்த்தால், கோபமோ ஆசையோ குற்ற உணர்வோ, எதைப் படித்தாலும் "பொண்ணு இப்படி நினைக்கலாமா?" என்ற குரல் கூடவே கேட்கும். பையனாக மாற்றினால் அந்தக் குரல் அமைதியாகிவிடுகிறது.

விமர்சகர் ஃபுஜிமோட்டோ யுகாரி ஷோஜோ மாங்காவைப் பற்றி 1998-ல் ஒரு புத்தகம் எழுதினார். "எனக்கான இடம் எங்கே?" என்ற கேள்விதான் அதன் தலைப்பு. நான் நானாகவே இருந்து ஏற்றுக்கொள்ளப்படும் இடம் ஒன்று உண்டா என்பதே இந்தக் கதைகளின் அடிநாதம் என்கிறார். பையன் உடம்பு, அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு வாசகிக்குக் கிடைத்த ஒரு மாற்றுடை.

மென்பொருளில் "சாண்ட்பாக்ஸ்" என்று ஒன்று உண்டு. சந்தேகமான ஒரு நிரலை நேரடியாக லைவ் சர்வரில் ஓட்ட மாட்டோம். வேலி போட்ட தனி இடத்தில் ஓட்டிப் பார்ப்போம். அது வெடித்தாலும் சேதம் வேலியைத் தாண்டாது. 1970களின் ஜப்பானியச் சிறுமிக்கு, ஜெர்மன் விடுதிப் பள்ளியும் பொன்னிற முடிப் பையன்களும் அப்படிப்பட்ட ஒரு சாண்ட்பாக்ஸ். நாடு வேற, மதம் வேற, பால் வேற. இத்தனை தூரத்தில் வைத்த பிறகு, வீட்டில் பேசவே முடியாத விஷயத்தைக்கூட ஓட்டிப் பார்க்கலாம்: உடல்மீதான வன்முறை, அதைத் தொடர்ந்து வரும் அவமானம், "என் தப்புதானோ" என்ற அரிப்பு.

இதற்கு உளவியல் பக்கமும் ஒரு விளக்கம் இருக்கிறது. வின்ஃப்ரீட் மென்னிங்ஹவுஸும் அவருடைய குழுவினரும் 2017-ல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். கலையில் வரும் எதிர்மறை உணர்ச்சிகளை நாம் ஏன் ரசிக்கிறோம் என்பதுதான் கேள்வி. இரண்டு விஷயம் ஒன்றாக வேலை செய்கிறது என்பது அவர்கள் பதில். ஒன்று விலகல்: இது கதை, எனக்கு ஆபத்தில்லை என்ற உணர்வு. இன்னொன்று அணைப்பு: அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் சோகத்தை முழுசாக உள்ளே விட முடிகிறது. அது நம் கவனத்தைப் பிடிக்கிறது, நெகிழ்த்துகிறது. பொது அனுபவத்தில் நாம் தூரம் அதிகமானால் ஒட்டுதல் குறையும் என்றுதான் நினைப்போம். இங்கே தூரம்தான் ஒட்டுதலுக்கே வழி விடுகிறது.

பக்கத்தில் என்ன நடக்கிறது?

கதையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மீதி பாதி வரைகிற விதத்தில் இருக்கு.

24-ஆம் ஆண்டுக் குழு, பக்கத்தின் கட்டங்களை உடைத்தது. ஒரு முகம் மூன்று கட்டங்களின் மேல் படர்ந்திருக்கும். பின்னணியில் அறை இருக்காது. இறகு, பூ, நீர்வளையம் இருக்கும். மிக முக்கியம், மன ஓட்டத்தைப் பேச்சுக் குமிழுக்கு வெளியே எழுதினார்கள். வெறும் வெள்ளையில் மிதக்கும் வரிகள். குமிழுக்குள் இருந்தால் யாரோ யாரிடமோ பேசுகிறார்கள். குமிழ் இல்லாமல் மிதந்தால் யாருடைய குரல் அது? அவனுடையதா, வாசகருடையதா? ஒரு நொடி தெரியாது. அந்த ஒரு நொடியில்தான் அவனுடைய புழுக்கம் நம்முடையதாகிறது.

சினிமாவில் அழுகைக் காட்சியின் நீளத்தை இயக்குநர் தீர்மானிக்கிறார். மாங்காவில் நாம் தீர்மானிக்கிறோம். பேச்சே இல்லாத ஒரு பக்கத்தில் அரை நிமிஷம் நிற்கலாம், ஐந்து நிமிஷமும் நிற்கலாம். தாங்கவில்லையென்றால் மூடி வைக்கலாம். வலியின் வேகம் வாசிப்பவர் கையில் இருக்கு. இதுவும் அந்த வேலியின் ஒரு பகுதிதான்.

அடி வலிக்காது, அன்பு வலிக்கும்

ஐம்பது வருடம் ஆகிவிட்டது. ஜெர்மன் விடுதிகள் போய்விட்டன. 1990களில் "பாய்ஸ் லவ்" என்ற பெயர் நிலைத்த பிறகு, கடைசியில் ஜோடி சேர்வதே வழக்கமாகிவிட்டது. ஆனாலும் புழுக்கம் போகவில்லை. இரண்டு உதாரணம்.

யோனெடா கோ 2011 முதல் வரைந்துவரும் தொடர், ஆங்கிலத்தில் "ட்விட்டரிங் பேர்ட்ஸ் நெவர் ஃப்ளை". நாயகன் யாஷிரோ ஒரு யாகுசா, அதாவது ரவுடிக் கும்பலின் தலைவன். சின்ன வயதில் வளர்ப்புத் தந்தையிடம் கொடுமை அனுபவித்தவன். தன்னைக் கேவலமாக நடத்துகிறவர்களோடு அவனால் சிரித்துப் பேச முடிகிறது. அவனிடம் பாதுகாவலனாகச் சேரும் முன்னாள் போலீஸ்காரன் தோமேகி அவனை மென்மையாக நடத்தும்போதுதான் ஆடிப்போகிறான். காரணம் இருக்கு. "எனக்கு எதுவும் வலிக்கல" என்று ஒரு முழு வாழ்க்கையைக் கட்டி வைத்திருக்கிறான். ஒருத்தன் அன்பாகத் தொட்டால், இத்தனை வருடமும் வலித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும்.

இன்னொன்று கிசு நட்சுகி வரைந்த "கிவன்". பள்ளி மாணவன் மாஃபுயு, கம்பி அறுந்த ஒரு கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகிறான். அது தற்கொலை செய்துகொண்ட அவனுடைய காதலனுடையது. கடைசியாகப் பேசியது ஒரு சண்டை. தான் சொன்ன வார்த்தைதான் கொன்றதோ என்ற பாரம். அவனுக்கு அழுகையே வருவதில்லை. ஒரு இசைக்குழுவில் சேர்ந்து, மேடையில் பாடும்போதுதான் அது உடைகிறது.

இரண்டிலும் ஒரே கட்டுமானம். சோகம் என்பது வெறும் நிகழ்ச்சி இல்லை. அது ஒரு பூட்டு. மீதிக் கதை முழுக்க அந்தப் பூட்டு எப்படித் திறக்கிறது என்பதுதான். வாசகர் காத்திருப்பது புழுக்கத்துக்காக இல்லை, அதற்குப் பிறகு வரும் மழைக்காக. ஆனால் புழுங்காமல் மழை வந்தால் அதில் ருசி இல்லை.

யாருடைய செலவில்?

இங்கே ஒரு கணக்கையும் பார்க்கணும். தூரம் இலவசமாகக் கிடைப்பதில்லை.

1992-ல் சாத்தோ மசாகி என்ற தன்பாலீர்ப்புச் செயற்பாட்டாளர், ஒரு பெண்ணியச் சிறுபத்திரிகையில் கடுமையாக எழுதினார். எங்கள் உருவத்தை எடுத்து உங்கள் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்துகிறீர்கள், நிஜத்தில் நாங்கள் படும் பாடு உங்களுக்குப் பொருட்டே இல்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். எழுத்தாளர்களும் வாசகர்களும் பதில் எழுதினார்கள். விவாதம் பல வருடம் ஓடியது. "யாஓய் விவாதம்" என்று அதற்குப் பெயர். சிலர் மனசு மாறி, நிஜ வாழ்க்கையைக் கவனித்து எழுத ஆரம்பித்தார்கள்.

எனக்கு அவர் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. ஒருத்தருக்கு சாண்ட்பாக்ஸாக இருப்பது இன்னொருத்தருக்கு வீடு. ஜப்பானில் தன்பாலினத் திருமணத்துக்குத் தேசிய அளவில் சட்டம் இன்னும் வரவில்லை. அந்த வீட்டில் வாழ்கிறவனுக்கு, தன்னைப் போன்றவர்கள் கதைகளில் எப்போதும் செத்துக்கொண்டே இருப்பது எப்படித் தோன்றும்? யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு பிரச்சினை, இந்த வகையின் பழைய படைப்புகள் பலவற்றில் பலாத்காரமே காதலின் ஆழத்துக்குச் சாட்சியாக வந்துபோகும். அதைக் காலம் அப்படி என்று சொல்லி நான் தள்ளிவிடத் தயாரில்லை. தகேமியாவின் "காற்றின், மரங்களின் பாடல்" (1976–1984) இதே கொடுமையைத் தொடுகிறது. ஆனால் அதில் ஜில்பேர் என்ற சிறுவனைச் சிதைப்பவன் அவனை வளர்த்தவனே என்பதையும், அந்தச் சிதைவு அவனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் கதை மறைப்பதில்லை. படிக்கச் சுலபமான புத்தகம் இல்லை. அழகாக வரையப்பட்டிருப்பதே சில இடங்களில் எனக்கு உறுத்தலாக இருந்தது.

இந்தக் கேள்விகளுக்கு வேற பக்கத்திலிருந்து வந்த ஒரு பதில், தகாமே கெங்கோரோவின் "என் தம்பியின் கணவன்" (2014–2017). இவர் தன்பாலீர்ப்பை வெளிப்படையாக அறிவித்தவர். இது பி.எல். வகைக்குள் வராது. தம்பி இறந்த பிறகு, அவனுடைய கனடாக்காரக் கணவன் ஜப்பானில் உள்ள அண்ணன் வீட்டுக்கு வருகிறான். இதிலும் துக்கம்தான். ஆனால் பூவும் இறகும் இல்லை. சாப்பாடு, குளியலறை, அண்ணனின் சின்ன மகள் கேட்கும் கேள்விகள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் தூரத்திலிருந்து பார்த்த துக்கமும் பக்கத்திலிருந்து பார்த்த துக்கமும் எப்படி வேறுபடுகின்றன என்று தெரியும்.

சரி, எனக்கு ஏன்?

நான் இந்த வகையின் இலக்கு வாசகன் இல்லை. ஆனால் "தாமஸின் இதய"த்தில் என்னை நிறுத்தியது யூலி இல்லை, அவனுடைய அறைத்தோழன் ஆஸ்கர். யூலியின் தழும்பைப் பற்றி ஆஸ்கருக்குத் தெரியும். கேட்பதில்லை. யூலியே சொல்லட்டும் என்று மாசக்கணக்கில் பக்கத்திலேயே காத்திருக்கிறான்.

பி.இ. இரண்டாம் வருடத்தில் என் அப்பா இறந்தார். காரியம் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய வாரம், என் ரூம்மேட் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மெஸ் மூடுவதற்கு முன்னால் எனக்கும் சேர்த்து ஒரு தட்டில் சாப்பாடு வாங்கி மேஜைமேல் வைத்துவிடுவான். நான் எப்போது சாப்பிடுகிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பத்து நாள் அப்படி. ஆண்களுக்குள் அந்த மாதிரி ஒன்று நடந்தால் அதற்குப் பெயர் வைக்க எங்களிடம் வார்த்தை இருக்கவில்லை. "நல்ல பையன்டா" என்பதோடு முடிந்தது.

அது காதல் இல்லை. ஆனால் ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் காட்டும் மென்மையைப் பக்கம் பக்கமாக, வெட்கப்படாமல், கேலி செய்யாமல் பார்க்கும் கலைகள் மிகக் குறைவு. சிறுமிகள் தங்களுக்காக உருவாக்கிக்கொண்ட ஒரு இடத்தில், நாற்பதைத் தாண்டிய ஒரு ஆணுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. அவர்களுக்குப் பையன் உடம்பு தூரத்தைக் கொடுத்தது. எனக்கு அதே உடம்பு பக்கத்தில் வந்து நின்றது.

எதைப் படிப்பது, எதை விடுவது

வீட்டில் பிள்ளைகள் இந்த மாதிரிக் கதைகளைப் படிப்பதைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்கு: சோகக் கதை பிடிப்பது நோய் இல்லை. ஆனால் தற்கொலை, பாலியல் வன்முறை இரண்டும் இந்த வகையில் அடிக்கடி வரும். சில புத்தகங்கள் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியவை. படிக்கிறவருக்கே மனசு சரியில்லாத நேரத்தில் வேலி மெலிந்துபோகும். கதை கதையாக நிற்காது. அப்போது புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுவதுதான் நல்லது. பிடுங்கி வைப்பதைவிட "இதுல உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலில் நிறைய இருக்கும்.

நல்ல புழுக்கத்தையும் வெற்று அழுகாச்சியையும் பிரிக்க நான் ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். வலிக்குப் பிறகு அந்தக் கதாபாத்திரத்தைக் கதை கவனிக்கிறதா? வெற்று அழுகாச்சி, அடி விழும் காட்சியில் நின்றுவிடும். நம் கண்ணீரை வாங்கிக்கொண்டு போய்விடும். நல்ல கதை மறுநாள் காலையிலும் அவன் பக்கத்தில் இருக்கும். அவன் எப்படிச் சட்டையின் மேல் பொத்தானைப் போடுகிறான், யாரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறான், எவ்வளவு காலம் கழித்து ஒருவரிடம் வாயைத் திறக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

"தாமஸின் இதயம்" ஒரு மரணத்தில் ஆரம்பிக்கிறது. மீதி எல்லாப் பக்கமும் உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது.